நாகையின் பொன்மீன் விழா

ஆவணித் திங்களில் ஆயிலிய நாளன்று நாகப்பட்டினத்துக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஒரு விழா நடைபெற்று வருகின்றது. பொன்னாற் செய்த மீன் ஒன்றினைப் படகில் ஏற்றிக் கடலுள் கொண்டு சென்று, மீனவர் ஒருவரின் திருவுருவத்தின் முன்னிலையில் அதனை அலைகளில் விடுகின்றனர். ஊரார் இதனைத் ‘தங்கமீன் விடும் விழா’ என்பர். அத்திருவுருவத்துக்கு உரியவர் அதிபத்த நாயனார்; அறுபத்துமூன்று நாயன்மார்களுள் பரதவர் குலத்தில் தோன்றியவர். மீன் வளத்தைக் கொண்டாடும் ஊர்கள் உலகிற் பல உண்டு. ஆயினும் பிடித்த மீனைத் திரும்பவும் கடலுக்கே கொடுத்துவிட்ட ஒருவரைக் கொண்டாடும் ஊர், யாம் அறிந்த அளவில் இஃதொன்றே.

அண்மையில் இவ்விழாவினைக் கண்ணுறும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கண்டதோடு அமையாமல் அதன் பின்னணியில் உள்ள வரலாற்றையும் இயன்ற அளவு தேடிப் படித்தோம். யாம் புலவர் அல்லேம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இருப்புப்பாதை அலுவலகத்திற் பேரேடு எழுதப் புகுந்தவர். பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாக நம் குடியிருப்புப் பிள்ளைகள், இதனை அறிந்திருத்தல் நன்று என்னும் எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கடற்கரைத் தமிழர் மீனை வழிபட்ட செய்தி நாயன்மார் காலத்துக்கும் மிகப் பழமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் கொண்டாடும் ஒரு நாள் வருகின்றது. முழுநிலா நாளன்று அவர்கள் கடலுக்குச் செல்வதில்லை. சினை கொண்ட சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை இருத்தி வழிபடுவர், மலர் சூடுவர், கள் அருந்துவர், உண்டு விளையாடி மகிழ்வர். தம்மைக் கொல்லவும் வல்ல ஒரு மீனின் கொம்பையே தெய்வமாக நட்டனர் என்பது எண்ணத்தக்கது. அஞ்சிய பொருளையே வணங்கினர் போலும்.

காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கே, அதே கரையில் அமைந்தது நாகப்பட்டினம். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே தொழில். ஆயினும் ஒரு வேறுபாட்டை ஈண்டுக் குறிக்க வேண்டும். பட்டினப்பாலைப் பரதவரின் விழா நிறைமதி நாளில் நிகழ்ந்தது. ஆவணி ஆயிலியமோ எந்த ஆண்டிலும் தேய்பிறையின் கடைசி நாட்களிலேயே வரும். ஞாயிறு சிங்கத்தில் நிற்கும் திங்களில் நிலவு கடகத்தின் முடிவுக்கு வந்தால் அமாவாசை அடுத்து நிற்கும் என்பது பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தோர் அறிந்ததே. எனவே பொன்மீன் விழா இருள்நிலா விழா. மீன் என்னும் சொல் தமிழில் நீரில் வாழ்வதற்கும் வானில் ஒளிர்வதற்கும் பொதுவாய் நிற்பது. நிலவற்ற அந்த இரவில் மேலே பார்த்தாலும் மீன்களே.

நிற்க. நாயனார் வரலாற்றுக்கு வருவோம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் கூறும் செய்தியின் சாரம் இது. நாகையின் கடலோரத்தில் நுளைப்பாடி என்றொரு பரதவர் பாக்கம் இருந்தது. அதன் தலைவர் அதிபத்தர். ஆட்களும் படகுகளும் வலைகளும் உடைய செல்வர். நாள்தோறும் வலையில் விழும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலில் விட்டுவிடுவது அவர்தம் வழக்கம். ஒரு காலத்தில் மீன்பாடு குறைந்தது. பல நாட்கள் தொடர்ந்து ஒரே ஒரு மீன் மட்டுமே கிடைத்தது. அந்த ஒன்றையும் அவர் விட்டுவிட்டு வெறுங்கையோடு கரை சேர்ந்தார். செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசித்தனர், அவர் உடலும் தளர்ந்தது. அப்படியிருக்க ஒருநாள் வலையில் விழுந்த ஒற்றை மீன் பொன்னுடலும் மணிச் செதிலுமாய் ஒளி வீசியது. ஏவலர் மகிழ்ந்து கூவினர். உலகையே விலை பெறும் அம்மீனையும் அவர் இறைவனுக்கு என்றே அலையில் விட்டார். விடைமேல் இறைவன் தோன்றினான்.

இவ்வரலாற்றைச் சிறு வயதில் யாம் கேட்டபோது பொன்மீன்தான் எம் மனத்தில் நின்றது. இப்போது படிக்கையில், பொன்மீனுக்கு முந்திய அந்தப் பசித்த நாட்களே கதையின் உயிர் என்று தோன்றுகின்றது. பொன்னைத் துறப்பது ஒரு நாள் செயல். வீட்டில் உலை ஏறாதபோது, கையில் இருக்கும் ஒரு சாதாரண மீனை, நாளை கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் நிலையில், மறுபடியும் மறுபடியும் விடுவது வேறு செயல். அவர்தம் மனைவியும் மக்களும் அதைக் குறித்து என்ன கூறினர் என்று புராணம் நமக்குச் சொல்லவில்லை. எம் இல்லத்தார் இதைக் கேட்டபோது, “அந்த வீட்டம்மா பேரையும் அறுபத்துமூவரோடு சேர்த்திருக்கலாம்” என்றார். அதற்கு யாம் மறுமொழி கூறவில்லை.

அதிபத்தரின் காலம் பற்றித் திட்டமாகச் சொல்லச் சான்றில்லை. சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத் தொகையில் அவரைக் கடல்நாகையோடு சேர்த்துப் பெயர் சொல்லி வணங்குவதால், அவருக்கு முற்பட்டவர் என்பது உறுதி. சுந்தரர் 8-ஆம் நூற்றாண்டினர் என்பது பலரும் கொள்ளும் முடிவு. பின்னர் நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அதிபத்தரைப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் அதனை விரித்துப் புராணமாக்கினார். அதே நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் திருக்கோயிலில் அடியார்களின் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பெற்றுள்ளன. ஆக, ஒரு மீனவர் பெயர் ஒரு வரியில் தொடங்கிப் பாட்டாகி, புராணமாகி, அடியார் கூட்டத்தோடு கல்லிலும் ஏறியது.

இங்கே ஒரு சுவையான செய்தி. நாகைக் காரோணத்தை அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியுள்ளனர். அவர்களுள் சுந்தரர் அங்கே பாடிய பதிகம் கேட்டுப் பெறும் பதிகம். பட்டு வேண்டும், கத்தூரி கமழும் சாந்து வேண்டும், காற்றைப் போல் விரையும் குதிரை வேண்டும் என்று தோழனிடம் கேட்பது போல் இறைவனிடம் கேட்கின்றார். இப்பொருள்களைச் சற்று நோக்குங்கள். பட்டும் நறுமணப் பொருளும் பரியும் அக்காலத்தில் கப்பலேறி வந்து துறைமுகங்களில் இறங்கிய சரக்குகள். நாகையின் பண்டகசாலை வாயிலில் நின்று பாடியது போன்றது அப்பதிகம். அதே ஊர் இறைவனிடம் ஒருவர் கேட்டார், ஒருவர் கொடுத்தார். கேட்டவரே கொடுத்தவரின் பெயரைத் தொகையில் எழுதி வைத்தார்.

நாகை துறைமுகத்தின் பெருமை சொல்லப் புகின் ஏடு கொள்ளாது. ஒன்றிரண்டை மட்டும் குறிப்போம். கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் இங்கே ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். முதல் இராசராச சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரை அவ்விகாரத்துக்கு வழங்கினான். சைவனாகிய மன்னன் புத்தர் பள்ளிக்கு நிலம் விட்டான் என்பதை நம் பிள்ளைகள் மறத்தலாகாது. அக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்தர் வழியே லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. இராசராசனின் மகன் இராசேந்திரனோ கி.பி. 1025-இல் அதே ஸ்ரீவிசயத்தின் மீது கப்பற்படை செலுத்தினான். நட்பும் பகையும் ஒரே கடல்வழியில் சென்று வந்தன.

பின்னர் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேசியர் வந்தனர். 1658-இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர்; 1690 முதல் சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடமாகவே அது விளங்கியது. 1781-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பழைய விகாரத்தின் எச்சம் எனக் கருதப்பெற்ற, ‘சீனக் கோபுரம்’ என்று மாலுமிகள் அழைத்த செங்கற் கோபுரம் ஒன்று கரையில் நெடுங்காலம் நின்றது. அதனை 1867-இல் இடித்துவிட்டனர். எத்தனையோ கப்பல்களுக்குக் கரை காட்டிய கோபுரம் அது. இடித்தவர்க்கு என்ன பயன் கிட்டியதோ யாம் அறியோம்.

எம் போன்ற இருப்புப்பாதை ஊழியர்க்கு நாகை வேறொரு வகையிலும் தாய்வீடு. தென்னிந்தியாவில் இரயில் வந்த கதையில் சென்னையை மட்டும் சொல்லி நிறுத்துவோர் பலர். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்னும் கம்பெனி நாகப்பட்டினத்தைத் தொடக்கமாகக் கொண்டு பாதை அமைத்தது. 1861-இல் தஞ்சைக்கும், 1862-இல் திருச்சிராப்பள்ளிக்கும் வண்டி ஓடியது. நம் பெங்களூர் தண்டு நிலையத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து வண்டி வந்தது 1864-இல்தான். ஆக நாகை நமக்கு மூத்தது. 1874-இல் அக்கம்பெனியும் கர்னாடிக் கம்பெனியும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவாயிற்று. நாகையில் இருந்த பெரிய பணிமனை 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு மாற்றப்பெற்றது. பணிமனையோடு பல நூறு குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. வேலை போகும் வழியே குடும்பமும் போகும் என்பது நமக்குப் புதிதன்று. நம் குடியிருப்பில் எத்தனை பேர் பொன்மலை, போத்தனூர், அரக்கோணம் என்று மூன்று ஊர் மாறி இங்கு வந்தவர்!

துறைமுகத்துக்கும் இரயிலுக்கும் இருந்த உறவு மக்களைப் பற்றியதுமாகும். தஞ்சை, திருச்சி மாவட்டங்களின் உழவர் பலர் இந்த வண்டியில் நாகைக்கு வந்து, கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கப்பலின் பெயரைச் சொன்னாலே கண்கலங்கும் முதியவர்கள் இன்றும் உளர்.

இனி விழாவினைச் சொல்வோம். பெங்களூரிலிருந்து காரைக்கால் செல்லும் வண்டி ஓசூர், தருமபுரி, சேலம், திருச்சி, தஞ்சை, திருவாரூர் வழியாக நாகையைத் தொட்டுச் செல்கின்றது. அவ்வண்டியில் இல்லத்தாரும் இரு மக்களும் உடன் வரச் சென்று சேர்ந்தோம். நாகையில் இறங்கியதும் உப்புக் காற்றும் கருவாட்டு மணமும் ஒருங்கே வந்து மோதின. எம் இளைய மகள் மூக்கைப் பொத்தினாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. அவள் மீனை அறிந்ததெல்லாம் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் பனிக்கட்டிமேல் கிடக்கும் துண்டமாகத்தான்.

நண்பகலில் காயாரோகண சுவாமி கோயிலுக்குச் சென்றோம். காரோணம் என்னும் பெயர் கூர்ச்சரத்தில் இலகுலீசர் வாழ்ந்த காயாரோகணத்தை நினைவூட்டுவது என்றும், பாசுபத நெறியினர் அங்கிருந்து கொண்டுவந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். அம்மை நீலாயதாட்சி, தமிழில் கருந்தடங்கண்ணி. மதுரையில் மீன்போன்ற கண்ணினாள். இங்கே கடல்போன்ற கண்ணினாள் என்று எமக்குத் தோன்றியது. இலக்கணம் அறிந்தோர் இதனை ஒப்புக்கொள்வரோ என்பது வேறு.

பிற்பகலில் மீனவர் பெருமக்கள் ஊர்வலமாகச் சீர்வரிசை கொண்டு வந்தனர். நம்பியார் நகர் என்னும் மீனவர் குடியிருப்பே பழைய நுளைப்பாடி என்பது அவ்வூரார் கொள்கை. பெண்கள் தட்டுகளில் பழமும் பூவும் தேங்காயும் பட்டும் ஏந்தி வந்த காட்சி திருமண வீட்டுக் காட்சியை ஒத்திருந்தது. தம் குலத்துப் பெரியவர் ஒருவருக்குத் தாமே உறவினராய் நின்று சீர் செய்தனர். நாயனாரைப் ‘பெருமான்’ என்று பலர் சொல்ல, அங்கிருந்த மூதாட்டி ஒருவர் ‘எங்க தாத்தா’ என்றே சொன்னார்.

மாலையில் கடற்கரை மணல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்களால் நிறைந்தது. இறைவன் விடைமேல் அமர்ந்து கரையில் எழுந்தருளினான். நாயனாரின் திருவுருவத்தைப் படகிலேற்றினர். அப்படகோடு வேறு படகுகளும் அலை தாண்டிச் சென்றன. கரையில் நின்றோர் அனைவரும் ஒரே திசையை நோக்கினர். சிறிது நேரம் நாயன ஓசையும் நின்றது. தொலைவில் படகு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. பிறகு பொன்மீனைக் கடலில் விட்டனர் என்பதற்கு அடையாளமாகப் பெருங்குரல் எழுந்தது. கரையிலிருந்து தீபாராதனை காட்டினர். கடலிலிருக்கும் தொண்டருக்குக் கரையிலிருந்து இறைவன் காட்சி தருகின்றான் என்பது அமைப்பு. கோயிலுக்குள் மனிதன் போய் நின்று காணும் தெய்வம், இங்கே மீனவன் தொழில் செய்யும் இடத்துக்குத் தானே நடந்து வருகின்றது.

எமக்கருகில் எழுபது கடந்த மீனவப் பெரியவர் ஒருவர் மணலில் அமர்ந்திருந்தார். அவரோடு பேச்சுக் கொடுத்தோம். இன்னும் கடலுக்குச் செல்வதுண்டா என்று வினவினோம்.

“நானு போறதில்ல தம்பி. பேரன் போறான். நமக்குக் காத்து பாக்குற வேலை மட்டும்தான்” என்றார்.

பொன்மீன் கதையை நம்புகின்றீர்களா என்று எம் மகன் துடுக்காகக் கேட்டுவிட்டான். யாம் அவனைத் தடுக்குமுன் பெரியவர் சிரித்தார்.

“தங்கத்துல மீனு வந்துச்சோ இல்லையோ தெரியாது ராசா. ஆனா பத்து நாளு வலையில ஒண்ணும் விழாம வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியும். அப்ப ஒரு மீனு கெடச்சா அதெ விட முடியுமான்னு நெனச்சுப் பாரு. என்னால முடியாது. அதனாலதான் அவரு சாமி.”

இதைவிடத் தெளிவான உரையைப் பெரியபுராணத்துக்கு யாம் எங்கும் படித்ததில்லை.

அவரிடம் மேலும் பல கேட்டறிந்தோம். மீன் இனப்பெருக்கத்தின் பொருட்டுக் கீழைக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. முன்பு 45 நாட்களாக இருந்தது 2017 முதல் இவ்வாறு நீட்டிக்கப்பட்டது. அத்தடைக்காலம் முடிந்து, வலை திருத்தி, கடன் வாங்கி டீசல் ஊற்றிக் கடலுக்குச் சென்று இரண்டு மாதம் கழிந்தபின் வருவது ஆவணி விழா. அவ்வாண்டு மீன்பாடு எப்படி என்பது அதற்குள் தெரிந்துவிடும் என்றார். வஞ்சிரம், வாவல், கொடுவா என்று விலையுயர்ந்த மீன்கள் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகின்றன. கவளையும் நெத்திலியும் காரையும் வீட்டுக் குழம்புக்கு வருகின்றன. பொன்மீன் அன்றும் இன்றும் வீட்டுக்கு வருவதில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

2004 டிசம்பர் 26 பற்றி யாம் கேட்கவில்லை, அவரே சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை, முழுநிலா நாள். காலையில் கடல் எழுந்து வந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் மிகுதியும் இழந்தது இம்மாவட்டமே. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் முதலிய மீனவர் ஊர்களில் இழப்பு இல்லாத வீடு அரிது. அக்கடலுக்குத்தான் இவர்கள் பொன்மீன் கொடுக்கின்றனர். “கோவம் வரலியா தாத்தா?” என்று எம் மகள் கேட்டாள். அவர் நெடுநேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு, “வந்துச்சு. ரொம்ப நாளு தண்ணியில கால வெக்கல. அப்புறம் சோறு வேணுமே தாயி” என்றார். அதன்பின் யாம் எவரும் சற்று நேரம் பேசவில்லை.

பிற நாட்டாரும் பிற மாநிலத்தாரும் மீனுக்கு எடுக்கும் சிறப்புகளை ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். பம்பாய்க் கோலி மீனவர் ஆவணித் திங்களை ஒட்டி வரும் முழுநிலாவில் ‘நாரளி பூர்ணிமா’ என்று கடலுக்குத் தேங்காய் படைத்துத் தொழிலைத் தொடங்குவர். கீழை வங்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் சரசுவதி பூசையன்று இல்சா மீனை இணையாக வாங்கி மஞ்சளும் குங்குமமும் இட்டு வீட்டுக்கு அழைக்கும் வழக்கமுண்டு. ஜப்பானிலோ ஆண்டின் முதல் ஏலத்தில் சூரை மீனுக்கு நிகழும் போட்டி உலகறிந்தது. 2019 ஜனவரியில் டோக்கியோவின் டோயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரு மீன் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்கு விலை போயிற்று. அதுவும் ஒரு பொன்மீன்தான். அதனை வாங்கியவர் அறுத்து விற்றார் என்பதே வேறுபாடு.

இவற்றுக்கிடையே நாகை விழா தனித்து நிற்பதற்குக் காரணம் உண்டு. அதனைச் சொல்லுமுன் நம் வீட்டு வழக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று தமிழர் ‘சைவம்’ என்று சொன்னால் மரக்கறி உணவு என்றே பொருள். உணவு விடுதிப் பலகையிலும் திருமண அழைப்பிலும் அச்சொல் அப்பொருளில்தான் நிற்கின்றது. ஆனால் சைவத் தொண்டர் வரலாறு கூறும் நூலிலேயே மீன் பிடிப்பவர் ஒருவரும், வேட்டையாடி ஊன் படைத்த கண்ணப்பரும் இடம்பெற்றுள்ளனர். சேக்கிழார் சோழப் பேரரசின் அமைச்சர், உயர்குடியினர். அவர் நுளைப்பாடியைப் பாடும்போது மீன் உணக்குவதையும் வலை விரிந்து கிடப்பதையும் மூக்கைச் சுளிக்காமல் பாடுகின்றார். அதிபத்தர் தொழிலை விட்டுவிட்டு அடியாராகவில்லை. வலை வீசிக்கொண்டே அடியாரானார்.

இதை இங்கே வலியுறுத்துவதற்கு ஓர் அண்மைக் காரணமும் உண்டு. எம் அலுவல் பார்சல் பிரிவில். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மீன் பெட்டிகள் பேரேட்டில் ‘அழுகும் சரக்கு’ என்று பதிவாகும். அவற்றிலிருந்து நீர் சொட்டினால் எழும் முணுமுணுப்பு எமக்குப் பழக்கமானது. அது சரக்கைப் பற்றியது, பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு குடியிருப்பில், கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மீன் வறுக்கும் நாளில் சன்னல்களைச் சாத்திக்கொண்டு வறுப்பதை யாம் கண்டுள்ளோம். அவ்வீட்டுச் சிறுமி பள்ளியில் தன் தகப்பனாரின் ஊரைச் சொல்ல நாணினாள் என்றும் கேள்வியுற்றோம். மணம் பிடிக்காதவர் தம் சன்னலைச் சாத்தலாம், அதில் தவறில்லை. சாத்த வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. மரக்கறி உண்போரின் நெறி மிக உயர்ந்தது. எம் இல்லத்திலும் கார்த்திகையும் புரட்டாசிச் சனியும் அவ்வாறே. அந்நெறி பிறர் தொழிலை இழிவாக நினைக்கும் உரிமையையும் தருகின்றது என்று எந்த நாயனாரும் பாடவில்லை.

இராசராசன் பெயர் செப்பேட்டில் நின்றது. சூளாமணிவர்மன் பெயரும் நின்றது. வணிகரும் தண்டலாளரும் தத்தம் பெயரைக் கல்லில் வெட்டி வைத்துச் சென்றனர். அவர்கள் ஏறிவந்த கலங்களைக் கரை சேர்த்த மீனவருள் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? ஒன்று தெரியும். விகாரம் மண்ணாயிற்று, அங்கே புதைந்த புத்தர் படிமங்கள் 1856 முதல் சிறிது சிறிதாகத் தோண்டியெடுக்கப்பட்டு நாடுகள் பலவற்றின் காட்சிச்சாலைகளில் உள்ளன. ஒல்லாந்தர் கோட்டையும் போயிற்று. அதிபத்தர் மட்டும் ஆண்டுதோறும் படகேறிக்கொண்டிருக்கின்றார்.

இருள் சூழ்ந்தபின் கூட்டம் கலைந்தது. பெரியவரின் பேரனை அங்கே கண்டோம், இருபத்திரண்டு வயதிருக்கும். அன்றிரவே கடலுக்குச் செல்ல வேண்டும் என்று பரபரப்பாக இருந்தான். முதல் மீனை இப்போதும் யாரேனும் விடுவதுண்டா என்று அவனிடம் கேட்டோம். “சில பேரு விடுறாங்க அண்ணே. சொல்லிக்க மாட்டாங்க” என்றான். அவன் விடுவதுண்டா என்று கேட்க வாயெடுத்து, கேளாமல் நிறுத்திக்கொண்டோம். எம் இளைய மகள் அவனிடம் வலையிலுள்ள மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பதினேழு பெயர்கள் தேறின. அவற்றுள் நான்கைந்தை யாமே அதற்குமுன் கேட்டதில்லை. ஊர் திரும்பியபின் அத்தாளைத் தன் பள்ளிப் புத்தகத்துள் வைத்துள்ளாள்.

விழாவுக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். ஆவணி ஆயிலியம் ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகஸ்டு நடுப்பகுதிக்கும் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் அமையும். புதுப் பஞ்சாங்கம் வந்தவுடன் பார்த்துக்கொண்டு பயணச்சீட்டைப் பதிவு செய்துவிடுதல் நலம். வேளாங்கண்ணிப் பெருவிழாவும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறுவதால் அந்நாட்களில் வண்டியில் இடம் கிடைப்பது கடினம், தங்குமிடமும் அவ்வாறே. அருகில் நாகூர்த் தர்காவும் உண்டு. மூன்றையும் ஒரே பயணத்திற் கண்டு வரலாம். கடற்கரையில் மாலை நான்கு மணிக்கே சென்று இடம் பிடித்தால் படகு புறப்படுவதைக் குழந்தைகள் நன்கு காண்பர். குடிநீர் கொண்டு செல்க. மறுநாள் காலை ஏலக்கூடத்தைப் பார்க்க மறவாதீர்கள். ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் நல்ல மீன் இராது.